குடல் அழற்சியும் பத்தியமும்



வயிற்றுப்போக்கு நம் தோட்டங்களுக்குப் புதிய சங்கதி அல்ல. ஒரு காலத்தில் சீதபேதி லயம் லயமாக மக்களை வாரிக்கொண்டு போனது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த அச்சத்தினால்தான் இன்றும் மலத்தில் இரத்தம் கண்டால் முதலில் சீதபேதி என்கிறோம். மருந்து குடித்தும் நிற்காவிட்டால் மூலம் என்கிறோம். அதுவும் இல்லையென்றால் உடம்புச் சூடு என்று சொல்லி வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுக்கிறோம். இம்மூன்றும் அல்லாத வேறொரு நோயும் உண்டு. குடல் அழற்சி நோய் என்பது அதன் பெயர்.

இது இரண்டு வகைப்படும். பெருங்குடலின் உட்சுவரில் புண் உண்டாகி, இரத்தமும் சீதமும் கலந்து போவது ஒன்று. இதை டாக்டர்கள் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்பார்கள். வாய் முதல் ஆசனவாய் வரை உணவுப் பாதையில் எங்கும் தோன்றி, குடற்சுவரின் ஆழம் வரை புண்ணாக்குவது மற்றொன்று. 1932ஆம் ஆண்டில் நியூயார்க்கில் இதை விவரித்து எழுதிய டாக்டர்களுள் ஒருவரின் பெயரால் இது க்ரோன் நோய் எனப்படுகிறது. நோய்க் கிருமிகளை விரட்ட வேண்டிய நம் உடம்பின் காவற்படை, நம் சொந்தக் குடலையே தாக்கத் தொடங்குகிறது. காவற்காரன் திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரனை அடிப்பது போன்ற கதைதான். இது ஒட்டுவாரொட்டி அல்ல. நோயாளியின் தட்டையும் குவளையையும் தனியே ஒதுக்கி வைக்கத் தேவையில்லை.

"இது வெள்ளைக்காரர் நோய், நமக்கு ஏன் வரப்போகிறது?" என்று கேட்கலாம். பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கில் நடத்தி 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இந்நோய் நம் நாட்டில் மொத்தத்தில் அரிதே என்றாலும், மூன்று இனத்தாரில் இந்தியர்களுக்கே அதிகமாக வருகிறது என்று காட்டியது. சிங்கப்பூரிலும் கண்டது இதுவே. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் குடியேறிய இந்தியர்களிடம் பெருங்குடல் புண் அந்நாட்டாரைவிட மிகுதியாக இருந்ததை 1990களில் வெளிவந்த ஆய்வுகள் சொல்லின. ஆகவே நெகிரி செம்பிலானில், பகாவிலோ ரெம்பாவிலோ போர்ட்டிக்சனிலோ உள்ள ஒரு தோட்டத்து வீட்டில் இந்நோய் இருந்தால் வியப்பதற்கில்லை.

இனி உணவுக்கு வருவோம். நோய் என்றதும் நம் வீடுகளில் முதலில் பிறக்கும் சொல் பத்தியம். காரம் கூடாது, புளி கூடாது, மீன் கூடாது, முட்டை கூடாது என்று ஒவ்வொன்றாகத் தள்ளி, கடைசியில் வெறும் கஞ்சியும் ஊறுகாயும் மிஞ்சும். நான்கு நாள் காய்ச்சலுக்கு அது போதும். குடல் அழற்சியோ ஆண்டுக்கணக்கில் உடனிருக்கும் நோய். இரத்தமும் புரதமும் நாள்தோறும் குடல் வழியே வீணாகிக்கொண்டிருக்க, உள்ளே போவதையும் நிறுத்தினால் உடம்பு எதைக் கொண்டு தாங்கும்? நோய் பாதி, பட்டினி பாதியாக மெலிந்துபோகிறவர்கள் பலர். என் கருத்தில், இந்நோயில் நாம் முதலில் விடவேண்டியது மிளகாயை அல்ல, இந்த முரட்டுப் பத்தியத்தைத்தான்.

மிளகாய் இந்நோயை உண்டாக்குவதில்லை. புண் ஆறாமல் இருக்கும்போது அது எரிச்சலையும் அவசரத்தையும் கூட்டும், அவ்வளவே.

நோய் சீறும் காலம் ஒன்று, அடங்கிக் கிடக்கும் காலம் ஒன்று. சீறும் காலத்தில் நாளைக்கு எட்டுப் பத்து முறை வெளியே போக நேரிடும். அப்போது குடலுக்கு வேலை குறைவாகவும் உடம்புக்குச் சத்து நிறைவாகவும் கொடுக்க வேண்டும். குழைய வடித்த சோறு, இட்லி, தோல் நீக்கிய பருப்பை மசித்த கூட்டு, அவித்த முட்டை, மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்த கெம்போங் மீன், தோலும் விதையும் எடுத்த சுரைக்காய், பூசணி, கேரட், நன்கு கனிந்த வாழைப்பழம் ஆகியவை பெரும்பாலோர்க்கு ஒத்துக்கொள்ளும். கஞ்சி கொடுப்பதானால் அதில் முட்டையையோ மீனையோ உதிர்த்துப் போடுங்கள். நாசி லெமாக், எண்ணெய் மிதக்கும் மீ கோரிங், கச்சாங், பச்சைக் காய்கள் ஆகியவற்றை அந்த நாட்களில் தள்ளி வைக்கலாம். மூன்று பெரிய வேளைகளைவிட ஐந்தாறு சிறு வேளைகள் நல்லவை.

நீர் வற்றுவதும் ஆபத்து. கிளினிக்கில் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் தருவார்கள். அது கைவசம் இல்லாவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலக்குங்கள். அளவு முக்கியம். உப்பு கூடினால் கெடுதல்.

நோய் அடங்கிய பிறகும் அதே கஞ்சியில் நிற்பதுதான் பலரும் செய்வது. கூடாது. ஒவ்வொரு பொருளாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். இளம் முருங்கைக் கீரையைப் பொடியாக அரிந்து சமைக்கலாம். நெத்திலியை முள்ளோடு வறுத்துப் பொடித்துச் சோற்றில் பிசையலாம், எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அதில் உண்டு. க்ரோன் நோயினால் குடல் குறுகிப்போனவர்கள் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். முருங்கைக்காய்ச் சக்கை, சோளம், தேங்காய்த் துருவல், ஆரஞ்சுச் சுளையின் தோல் போன்றவை குறுகலில் போய் அடைத்துக்கொள்ளும். வயிறு உப்பி, முறுக்கி வலித்து, வாந்தியும் வந்தால் கைமருந்து பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பால் நம்மில் பலருக்கு இயல்பாகவே செரிப்பதில்லை. டின் பால் ஊற்றிய தேத்தண்ணியை ஒரு வாரம் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். தயிரும் மோரும் பலருக்குத் தொல்லை தருவதில்லை. இரத்தம் குறைந்தவர்கள் சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்கக் கூடாது. உணவிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அது தடையாகும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். சிகரெட் க்ரோன் நோயை முற்றச் செய்யும்.

வேலைக்காட்டில் இருப்பவர்களின் கஷ்டம் தனி. விடியுமுன் பெரட்டுக்குப் போகவேண்டும். கித்தா நிரையிலும் செம்பனைக் காட்டிலும் கக்கூஸ் ஏது? பெண்கள் பாடு இன்னும் மோசம். அதற்கு அஞ்சி, பசியாறாமலே போய், நண்பகலில் வீடு திரும்பி ஒரே மூச்சில் தட்டு நிறையச் சாப்பிடுகிறார்கள். வெறும் வயிறும் பிறகு பெருஞ்சுமையும் குடலைத் துன்புறுத்துவதற்கு நல்ல வழி. எழுந்தவுடன் இரண்டு இட்லி தின்று, வெளியே போய்விட்டு வருவதற்குப் போதிய நேரம் வைத்துக்கொண்டால் ஓரளவு சமாளிக்கலாம். டாக்டரின் கடிதத்தை மண்டோரிடம் காட்டி, வீட்டுக்கு அருகிலுள்ள நிரையைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உணவு மருந்துக்குத் துணையே தவிர மாற்று அல்ல. வயிறு அடங்கிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தினால் நோய் பெரும்பாலும் திரும்பி வரும். ஸ்டிராய்டு மாத்திரை சாப்பிடும்போது பசி மிகும், சர்க்கரை ஏறும். நீரிழிவு உள்ளவர்கள் இதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அமீபா சீதபேதியும் குடல் காசநோயும் இதே வேஷத்தில் வருவதால், சோதித்துப் பார்க்காமல் அடுத்த வீட்டாரின் மாத்திரையை வாங்கி விழுங்குவது உயிருக்கே உலை வைக்கும். மூன்று வாரத்துக்கு மேல் போக்கு நிற்காவிட்டாலும், இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பினாலும், இரத்தம் போனாலும், எடை குறைந்தாலும் கிளினிக்குக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து தேவைப்பட்டால் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் சோதனை கேட்க அச்சமாக இருக்கும். ஆனால் அரைநாள் காரியம்தான்.

ஆசிரியர் என்ற முறையில் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. இந்நோய் பிள்ளைகளுக்கும் வரும். சேர்ந்து படிப்பவர்கள் வளர, இவன் மட்டும் போன ஆண்டுக் கால்சட்டையிலேயே நிற்பான். வகுப்பில் அடிக்கடி வெளியே போக அனுமதி கேட்பான். அதைக் குறும்பு என்று எண்ணி ஆசிரியர் தடுத்தால், மறுநாள் முதல் பிள்ளை பசியாறாமல் பள்ளிக்கு வரத் தொடங்குவான். க்ரோன் நோய் கண்ட பிள்ளைகளுக்குச் சில வாரங்கள் சத்துப் பானம் மட்டுமே கொடுத்து நோயை அடக்கும் முறையும் உண்டு. அது டாக்டரும் உணவியலாளரும் அளவு சொல்லிச் செய்வது, வீட்டில் மைலோ கரைத்துக் கொடுத்துச் செய்வதல்ல. அத்தகைய பிள்ளை இருந்தால் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கதவோரத்தில் ஓர் இடமும், கேட்காமலே எழுந்து போகும் உரிமையும் கொடுத்துவிடலாம்.

ஒருவருக்கு ஒத்தது மற்றவருக்கு ஒவ்வாது. எனவே பழைய பள்ளி நோட்டு ஒன்றில் தினமும் சாப்பிட்டது என்ன, எத்தனை முறை போனது, வலி இருந்ததா என்று எழுதி வாருங்கள். எழுதத் தெரியாத பாட்டிக்குப் பேரப்பிள்ளை எழுதித் தரட்டும். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மாத்திரைப் பையோடு அந்த நோட்டும் போகட்டும்.