எஞ்சின் விளக்கு சொல்வது என்ன?

நேயர்களே, சென்ற மாதம் என் காரில் எஞ்சின் விளக்கு எரிந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே கருவியைச் சொருகிப் பார்த்த கராஜ்காரர், “பி 0171. ஒட்சிசன் சென்சர் மாத்தவேணும் அண்ணை” என்றார்.

அந்தக் குறி சென்சரைக் குற்றஞ்சாட்டவில்லை. ஒரு கிராம் பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று என்பது எஞ்சின் கணினியின் கணக்கு. புகையில் ஒட்சிசன் மிஞ்சுவதாகச் சென்சர் சொன்னால், கணினி பெற்றோலைக் கூட்டும். கூட்டிக் கூட்டி எல்லையைத் தொட்டபின்தான் விளக்கை ஏற்றும். அளவைக்குத் தப்பி நுழையும் கள்ளக் காற்றாலும் இப்படி ஆகலாம். எந்த இடமென்று கணினி சொல்லாது.

குழாய்களுக்குள் புகை செலுத்திச் சோதிக்கச் சொன்னேன். வெடித்திருந்த றப்பர் குழாய் ஒன்றால் புகை கசிந்தது (ரொறன்ரோக் குளிரில் இது புதினமா?). குழாயை மட்டும் மாற்றினோம். சென்சர் பழையதுதான், விளக்கு மறுபடி எரியவில்லை.