பிக்ஸலுக்கு வந்தாச்சு... உங்க போனுக்கு அப்டேட் எப்போ?

ஆண்ட்ராய்டு 15, கூகுளின் பிக்ஸல் போன்களுக்கு 2024 அக்டோபரிலேயே வந்துவிட்டது. சாம்சங் எஸ்24 வைத்திருந்தவர்களோ 2025 ஏப்ரல் வரை செட்டிங்ஸைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏன் இந்த ஆறு மாதத் தாமதம்?

கூகுள் தருவது அடிப்படை ஓ.எஸ் மட்டுமே. சிப் நிறுவனம் அதைத் தன் சிப்புக்கு ஏற்ப மாற்ற வேண்டும். போன் நிறுவனம் அதன்மேல் தன் கேமரா, மெனு, ஆப்களைச் சேர்த்து, ஒவ்வொரு மாடலிலும் சோதிக்க வேண்டும். பிறகும் முதலில் கொஞ்சம் பேருக்குத்தான் அனுப்புவார்கள். சிக்கல் இல்லையென்றால்தான் மற்றவர்களுக்கு.

அவசரப்பட்டால் என்னாகும்? 2018 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் 10 அப்டேட், சிலரது கம்ப்யூட்டரில் இருந்த போட்டோக்களையும் ஃபைல்களையும் அழித்துவிட்டது. சில நாள்களிலேயே நிறுத்தப்பட்ட அந்த அப்டேட், சரிசெய்யப்பட்டு நவம்பரில்தான் மீண்டும் வந்தது. காத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்!

அதுவரை என்ன செய்யலாம்?

* வாட்ஸ்அப்பில் வரும் ‘அப்டேட்’ லிங்க்கைத் தொடவே தொடாதீர்கள். நிஜமான அப்டேட், செட்டிங்ஸில் உள்ள ‘சாஃப்ட்வேர் அப்டேட்’ பகுதிக்குத்தான் வரும்.

* செக்யூரிட்டி அப்டேட் வந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். திருடர்கள் நுழையும் ஓட்டையை அடைப்பது அதுதான்.

* போட்டோ, கான்டாக்ட்ஸை இன்றே பேக்கப் எடுத்துவிடுங்கள். அப்டேட் எப்போது வந்தாலும் பயமில்லை!