மாடு பேசினால் என்ன பேசும்?

"சார், ஒரு கதை எழுதியிருக்கேன். படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க."

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்து இளைஞர் ஒருவர் என்னிடம் ஒரு நோட்டை நீட்டினார். ஓர் உழவு மாடு தன் கதையைத் தானே சொல்வதுபோல எழுதியிருந்தார்.

"பிரமாதம்" என்றால் அவர் அத்தோடு நின்றுவிடுவார். "சரியில்லை" என்றால் பேனாவையே மூடி வைத்துவிடுவார். ஆகவே இரண்டையும் சொல்லாமல், அவரோடு திண்ணையில் உட்கார்ந்தேன்.

சிவப்புச் சேலை

"மாட்டை நன்றாகக் கவனித்திருக்கிறாய், தம்பி. அது காற்றை முகர்ந்து பார்க்கும் இடம் அருமை" என்றேன். பிறகு குறைகளுக்கு வந்தேன்.

கதையில் மாடு சிவப்புச் சேலையைக் கண்டு மிரளுகிறது. மாட்டின் கண்ணுக்குச் சிவப்பு நிறம் நமக்குத் தெரிவதுபோல எடுப்பாகத் தெரியாது. அது மிரளுவது அசைவைக் கண்டுதான்.

அது உம்பளச்சேரி மாடாம். ஆனால் வளர்ந்த பிறகும் செவலையாகவே இருக்கிறது! அந்த இனக் கன்று பிறக்கும்போதுதான் செந்நிறம். ஏறக்குறைய 6 மாதத்தில் சாம்பல் நிறமாகிவிடும். கதை மாடு கொம்பை வேறு ஆட்டுகிறது. உம்பளச்சேரி உழவு மாட்டுக்குக் கொம்பை நீக்கிவிடுவது வழக்கம். அதனால்தான் 'மொட்டை மாடு' என்று பெயர்.

இவை சிறு திருத்தங்கள். பெரிய குறை வேறு. அந்த மாடு பக்கம் பக்கமாக நியாயம் பேசியது!

மணி அடித்த பசு

"நம் திருவாரூர்க் கதையை நினைத்துப் பார். கன்றைத் தேர்க்காலில் இழந்த பசு, மனுநீதிச் சோழனிடம் ஒரு வார்த்தை பேசிற்றா? மணியைக் கொம்பால் அடித்தது; அவ்வளவுதான். சேக்கிழார் பாடிய அந்தக் கதையை இன்றும் நாம் மறக்கவில்லையே!"

"அப்போ மாடு பேசவே கூடாதா, சார்?"

"பேசலாம். இங்கிலாந்தில் அன்னா சிவெல் என்ற பெண்மணி எழுதிய 'பிளாக் பியூட்டி' நாவல் 1877-ல் வந்தது. அதில் குதிரைதான் கதை சொல்கிறது. தலையை மேலே இழுத்துக் கட்டும் வாரினால் தான் பட்ட வலியைச் சொல்கிறது. அதைப் படித்த பலர் அந்தக் கொடுமையை எதிர்த்தார்கள். உன் மாடும் தான் பட்டதைச் சொல்லட்டும். அது உங்கள் வீட்டு மாடா?"

இளைஞர் தலை குனிந்தார்.

"ஆமாம் சார். டிராக்டர் வந்த பிறகு அப்பா வித்துட்டார். லாரியிலே ஏறாம நின்னுச்சு. அப்பா முதுகிலே தட்டிக் கொடுத்தார். உடனே ஏறிடுச்சு. அன்னிக்கு ராத்திரி அப்பா சாப்பிடலே."

"இது ஏன் கதையில் இல்லை?"

"அப்பா படிச்சா வருத்தப்படுவாரே, சார்."

"அவரைக் குறை சொன்னால்தானே வருத்தப்படுவார்? மாட்டுக்குத் தெரிந்தது அந்தக் கை மட்டும்தான். அதை எழுது."

மறு மாதம் கதை திரும்பி வந்தது. நியாயப் பேச்சு ஒரு வரிகூட இல்லை. பழகிய கை முதுகில் பட்டதும் மாடு லாரியில் ஏறுவதோடு கதை முடிந்தது.

"அப்பாவிடம் காட்டினாயா?"

"படிச்சுக் காட்டினேன், சார். 'இன்னொரு தடவை படிடா'ன்னார்."

உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஒருநாள் கதை எழுதிக்கொண்டு வரலாம். முதலில் நல்லதைச் சொல்லுங்கள். குறையைக் காரணத்தோடு சொல்லுங்கள். எழுதாமல் விட்டது என்ன என்பதையும் கேளுங்கள்.