ஷார்லட் ஏன் சாக வேண்டும்?

ராத்திரி பிறந்த பன்றிக்குட்டிகளில் ஒன்று நோஞ்சான். அதைத் தீர்த்துக்கட்ட அப்பா கோடாலியோடு கிளம்புகிறார். எட்டு வயது மகள் ஃபெர்ன் ஓடிப்போய் அந்தக் கோடாலியைப் பிடித்துத் தொங்குகிறாள். ஈ.பி. ஒயிட் எழுதி 1952-இல் வெளிவந்த ‘ஷார்லட்ஸ் வெப்’ என்னும் அமெரிக்கச் சிறார் நாவல் இப்படித் தொடங்குகிறது. முதல் இரண்டு அத்தியாயங்களில் மாயம் என்று ஒன்றுமே கிடையாது. குட்டிக்குப் புட்டிப்பால் கொடுக்கிறாள், வில்பர் என்று பெயர் வைக்கிறாள், பிறகு அது ஆறு டாலருக்கு மாமா வீட்டுத் தொழுவத்துக்கு விலைபோகிறது. மூன்றாம் அத்தியாயத்தில்தான் அங்கே ஒரு வாத்து வாய் திறந்து பேசுகிறது.

சிறார் இலக்கியத்தில் நவீன ஃபேன்டசி என்றால் என்ன என்று யார் கேட்டாலும் நான் எடுத்து நீட்டுவது இந்த நாவலைத்தான். கேட்டவர்கள் திகைப்பார்கள். மந்திரக்கோல் எங்கே, டிராகன் எங்கே, பறக்கும் துடைப்பம் எங்கே? மாயம் கூடக்கூட ஃபேன்டசி கூடும் என்பது பொதுவான எண்ணம். நல்ல எழுத்தாளர்கள் செய்வது நேர்மாறு. உலக நடப்பில் ஏதோ ஒரு விதியை மட்டும் தளர்த்துவார்கள். மிச்ச விதிகளை இம்மியும் விடாமல் இறுக்கிப் பிடிப்பார்கள். ஒயிட் தளர்த்தியது ஒன்றே ஒன்று: பிராணிகளுக்கு மொழி உண்டு. அதிலும் ஒரு கட்டுப்பாடு வைத்தார். அவை தங்களுக்குள்தான் பேசிக்கொள்ளும். ஃபெர்ன்கூட ஒரு முக்காலியில் உட்கார்ந்து கேட்கலாமே தவிர, அவற்றோடு பேச முடியாது.

கிறிஸ்துமஸுக்கு வில்பரை வெட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும், வாசற்படிக்கு மேலே குடியிருக்கும் ஷார்லட் என்ற சாம்பல்நிறச் சிலந்தி அதைக் காப்பாற்றுவதாக வாக்குக் கொடுக்கிறது. எப்படி? பன்றியைப் புகழும் சொற்களைத் தன் வலையிலேயே நெய்து வைக்கிறது. மனிதர்கள் அதை அதிசயம் என்று நம்பிக் கூட்டம் கூட்டமாய் வருகிறார்கள். நான் திரும்பத் திரும்ப வாசிப்பது அந்த நெசவு நடக்கும் பக்கங்களைத்தான். இருட்டில், எங்கே நூலை ஒட்டுவது, எங்கே இறங்குவது, எங்கே வளைப்பது என்று ஒவ்வொரு எழுத்துக்கும் தனக்குத்தானே கட்டளை சொல்லிக்கொண்டு அந்தச் சிலந்தி வேலை பார்க்கிறது. சொற்களுக்கும் பஞ்சம். டெம்பிள்டன் என்ற எலி குப்பைமேட்டிலிருந்து கிழிந்த காகிதங்களைக் கவ்விவர வேண்டும். விளம்பரத் தாளில் ‘மொறுமொறு’ என்று ஒரு சொல் வருகிறது. அதைப் படித்தால் முதலாளிக்குப் பன்றி வறுவல்தான் நினைவுக்கு வரும் என்று ஷார்லட் தள்ளிவிடுகிறது. கடைசியில் சோப்புத்தூள் பெட்டியின் அட்டையில் இருந்து ஒரு நல்ல சொல் தேறுகிறது. எலியோ சும்மா எதுவும் செய்யாது; ஒவ்வோர் உதவிக்கும் சாப்பாட்டில் கூலி கேட்கும்.

ஒயிட்டுக்கு இதெல்லாம் கண்ணால் கண்ட விஷயம். மெய்ன் மாநிலத்தில் நார்த் புரூக்ளின் என்ற ஊரில் அவருக்குப் பண்ணை இருந்தது. அங்கே நோயில் விழுந்த ஒரு பன்றியைக் காப்பாற்றப் போராடித் தோற்றதை 1948-இல் ஒரு கட்டுரையாக எழுதினார். தொழுவத்துச் சிலந்தி ஒன்றின் முட்டைப் பையைப் பெட்டியில் வைத்து நியூயார்க்குக்கே கொண்டுபோனார். அங்கே அவர் அறையில் குஞ்சுகள் பொரித்து, மேசைமேல் இருந்த சாமான்களுக்கு இடையே நூல் கட்டத் தொடங்கின. சிலந்தி நூல்களையும் உட்கார்ந்து படித்தார். ஷார்லட்டின் முழுப்பெயரில் வரும் ‘கவாட்டிகா’, அந்த வகைச் சிலந்தியின் அறிவியல் பெயரிலிருந்து வந்தது.

அந்த வகைச் சிலந்தி இலையுதிர் காலத்தில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். ஷார்லட்டும் அப்படியே சாகிறது. வில்பருக்குத் துணையாகப் போயிருந்த சந்தை கலைந்த திடலில், தனியாக.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைத் தமிழில் சொல்லிவருகிறேன். அந்த இடம் வந்தபோது ஒரு பையன் கேட்டான்: “தனக்குன்னு ஒரு மந்திரம் போட்டுக்கக் கூடாதா டீச்சர்?” பக்கத்தில் இருந்த சிறுமி எனக்கு முன்னால் பதில் சொல்லிவிட்டாள்: “அதுக்கு மந்திரமே தெரியாதுடா. வலை பின்னத்தான் தெரியும்.” ஃபேன்டசியைப் பற்றி நான் படித்த விளக்கங்களில் இதைவிடத் தெளிவானது இல்லை.

பழைய கதைகளின் போக்கு வேறு. 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவில் நாம் படித்த விக்கிரமாதித்தனுக்கு வயதே ஏறாது. பிணத்துக்குள் புகுந்த வேதாளம் எப்படிப் பேசுகிறது என்று யாரும் கேட்க மாட்டோம். அங்கே புதிர்தான் முக்கியம். அதன் அழகே அழகு. நவீன ஃபேன்டசியில் ஓர் ஆசிரியர் ஒரு தனி உலகத்தைக் கட்டி, அதன் சட்டத்துக்குத் தானும் கட்டுப்படுகிறார். 1939-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் ஃபேன்டசி எழுத்தாளர் டோல்கியன் இதைத்தான் வலியுறுத்தினார்: வாசகருக்கு நம்பிக்கை அறுந்த கணமே கதையின் மாயமும் போய்விடும்.

ஃபிலிப்பா பியர்ஸ் 1958-இல் எழுதிய ‘டாம்ஸ் மிட்நைட் கார்டன்’ நாவலில் கடிகாரம் பதின்மூன்று முறை அடிக்கும்போது கொல்லைக் கதவைத் திறந்தால் பழைய காலத்துத் தோட்டம் ஒன்று இருக்கிறது. அங்கே பழகும் ஹேட்டி என்ற சிறுமியிடம் அவளுடைய பனிச்சறுக்குக் காலணிகளை ஒரு மறைவிடத்தில் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறான் டாம். பல பத்தாண்டுகள் கழிந்த தன் காலத்தில், தரைப்பலகைக்கு அடியிலிருந்து அவற்றை எடுக்கிறான். அப்புறம் உறைந்த ஆற்றின்மேல் இருவரும் சேர்ந்து சறுக்கிப் போகிறார்கள். இருவர் காலிலும் இருப்பது ஒரே சோடி! காலத்தைப் பற்றி எத்தனையோ பாடம் நடத்தலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு இந்த ஒரு காட்சி போதும்.

மிருகங்கள் பேசும் கதையைப் படித்தால் பிள்ளைக்கு நிஜம் எது, கற்பனை எது என்று குழம்பிவிடாதா என்று பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. ஒயிட் இந்தக் கவலையையும் நாவலுக்குள்ளேயே வைத்திருக்கிறார். மகள் தொழுவத்தில் கேட்ட பேச்சுகளை வீட்டில் வந்து சொல்ல, அம்மா பயந்துபோய் டாக்டர் டோரியனிடம் போகிறாள். சொல் எழுதிய வலையை விடுங்கள், வெறும் வலையைச் சிலந்தி யாரும் கற்றுக்கொடுக்காமலே பின்னுகிறதே, அதுவே எனக்கு விளங்காத அதிசயம் என்கிறார் அவர். ஃபெர்னுக்கு மருந்து எதுவும் எழுதித் தரவில்லை. கதையின் கடைசிப் பகுதியில் ஃபெர்ன் வளர்ந்து, அவள் கவனம் சந்தை ராட்டினத்துக்கும் ஹென்றி என்ற பையனுக்கும் போய்விடுகிறது. பெற்றோர் கவலைப்படும் குழப்பம் எனக்கு அறிமுகமான எந்தப் பிள்ளைக்கும் வந்து நான் பார்த்ததில்லை. பேசும் பன்றியைச் சிரமமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் பிள்ளைகள், விதி மீறப்பட்டால்தான் “அது எப்படி?” என்று எழுந்து நிற்கிறார்கள்.

இந்த நாவலைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டப்போகும் பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். மொத்தம் 22 அத்தியாயங்கள். ஷார்லட் சாவது 21-இல். அதைத் தாண்டிவிடாதீர்கள், முடிவை மாற்றியும் சொல்லாதீர்கள். பிள்ளை அழுதால் அழட்டும். ஷார்லட் விட்டுப்போன 514 முட்டைகளும் வசந்தத்தில் பொரிப்பதும், குஞ்சுகளில் மூன்று மட்டும் வில்பரோடு தொழுவத்தில் தங்கிவிடுவதும் கடைசி அத்தியாயத்தில் வருகின்றன. அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்காமல் அன்றைக்கே வாசித்துவிடுங்கள்.