செவிக்கு ஆசானாகும் பழைய கணிப்பொறி

இரண்டு சுரங்களை அடுத்தடுத்துக் கேட்டவுடன் அவற்றின் இடைவெளி இன்னதென்று கூறும் ஆற்றல் இசை பயில்வோர்க்கு இன்றியமையாதது. ஆயினும் ஒரே வினாவை நூறுமுறை கேட்கும் பொறுமை எந்த ஆசானுக்கு உண்டு? கணிப்பொறிக்கோ சலிப்பில்லை. 1982-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த கொமடோர் 64 என்னும் வீட்டுக் கணிப்பொறி இப்பணிக்கு மிகவும் ஏற்றது. ராபர்ட் யானஸ் என்பார் அதற்கென வகுத்த 'சிட்' என்னும் ஒலிச்சில்லு மூன்று குரல்களை ஒருங்கே எழுப்பவல்லது. அதனைக் கொண்டு செவிப்பயிற்சி நிரல் எழுதும் முறையை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

சில்லுக்குச் சுரத்தின் பெயர் தெரியாது, எண்ணே தெரியும். 0 முதல் 65535 வரையுள்ள ஓர் எண்ணை இரு கூறாக்கி, பேசிக் மொழியின் 'போக்' கட்டளையால் 54272, 54273 என்னும் அறைகளில் இட்டால் முதற்குரலின் சுருதி அமையும். வினாடிக்கு 440 அதிர்வுடைய சுரத்திற்கு அமெரிக்கப் பொறியில் வேண்டுவது 7218. அதனை 256-ஆல் வகுக்க, மிச்சமாகிய 50 முன்னறைக்கும் ஈவாகிய 28 பின்னறைக்கும் உரியன. ஓர் அரைச்சுரம் ஏறுதற்கு 1.05946-ஆல் பெருக்குக. ஏழுமுறை பெருக்கினால் 10815 வரும். அவ்விரு சுரங்களே நம் முன்னோர் குரல், இளி என்றவை. ஒலியளவு முதலியவற்றுக்குரிய அறைகளை ஈண்டு விரித்தல் வேண்டா.

ஐரோப்பியப் பொறியின் கடிகாரம் வினாடிக்கு 985,248 முறை துடிக்கும். அமெரிக்கப் பொறியினது 1,022,727 முறை. ஆதலின் அதே 7218 ஐரோப்பாவில் ஏறக்குறைய 424 அதிர்வே தரும். அஃது அரைச்சுரத்தின் பாதிக்கும் மிகுந்த தாழ்வாம். பயிற்சி கெடுமோவெனின், கெடாது. எல்லாச் சுரமும் ஒரே விகிதத்தில் தாழ்தலின் இடைவெளி மாறுவதில்லை. பாடுவோர் தத்தம் குரலுக்கேற்பச் சுருதி வைத்துக்கொள்வதும் இது பற்றியே. அருகில் பியானோவை வைத்து ஒப்பிடுவார்க்கு மட்டுமே எண்களைத் திருத்தல் வேண்டும்.

மெய்யான இடர் வேறோரிடத்தில் உள்ளது. வினாக்கள் எதிர்பாராதவாறு வருதற்கு 'ஆர்.என்.டி.' என்னும் சார்பு உதவும். ஆனால் அடைப்பினுள் 1 என்று எழுதி விட்டுவிட்டால், பொறியை மூட்டுந்தோறும் அஃது ஒரே வரிசையையே தரும். மாணவன் சின்னாளில் விடைகளை மனப்பாடம் செய்துவிடுவான். மதிப்பெண் உயரும், செவி உயராது. தேர்வுக்குப் படிக்கும் நம்மனோர்க்கு இக்கலை புதிதன்று! ஆகலின் தொடக்கத்தில் அவனை ஏதேனுமொரு விசையை அழுத்தச் செய்க. வினாடியின் அறுபதிலொரு கூறாக நேரம் எண்ணும் 'டி.ஐ.' என்னும் மாறி அக்கணத்தில் காட்டும் எண்ணைக் கழித்தற்குறியுடன் அச்சார்புக்கு ஊட்டினால் வரிசை நாள்தோறும் வேறுபடும். முதற்சுரத்தையும் மாற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும். இன்றேல் அவன் இடைவெளியை விட்டு மேற்சுரத்தையே அடையாளம் கண்டுகொள்வான்.

விடை பிழைபட்டால் 'தவறு' என்று திரையில் எழுதுதல் போதாது. வினவிய இடைவெளியையும் அவன் கூறிய இடைவெளியையும் ஒரே முதற்சுரத்தினின்று அடுத்தடுத்து ஒலிக்கச் செய்க. வேண்டும் எண்கள் முன்னரே அட்டவணையில் உள்ளமையின், நிரலில் சில வரிகளே மிகும்.