சங்கத்தின் வரைபடம் சங்கத்தின் கணிப்பொறியில்

நெசவுக்கூடமாயினும் விளைபொருள் கிட்டங்கியாயினும், சங்கம் ஒரு கட்டடம் எழுப்ப முற்படும்போது முதற்கண் தேவைப்படுவது அளவு பிசகாத வரைபடமாகும். செங்கல், சிமெண்ட், கூரைத் தகடு ஆகியவற்றின் மதிப்பீடு யாவும் அதனைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. அவ்வரைபடம் வெளியாரின் கணிப்பொறியில் மட்டுமே இருக்குமாயின், ஒரு கதவை இரண்டடி தள்ளி வைத்துப் பார்ப்பதற்குங்கூட அங்கத்தினர்கள் அவரையே நாட வேண்டியதாகிறது. சங்க அலுவலகத்திலேயே வரைபடத்தைத் திறந்து அளந்து பார்க்க உதவும் சாதனம் இன்று விலையின்றிக் கிடைக்கிறது. அதனை நிறுவும் முறையையும், இடையில் நேரும் தடைகளை நீக்கும் வழிகளையும் ஈண்டு விளக்குவோம். பொறியாளரின் ஒப்புதலுக்கு இது மாற்றாகாது. அவர் தரும் வரைபடத்தை நாமே படித்தறிய இது துணைபுரியும்.

எந்த மென்பொருள்?

நீள அகலங்களைக் காட்டும் தரைப்படத்துக்கு லிப்ரேகேட் போதுமானது. 1999ஆம் ஆண்டில் தொடங்கிய க்யூகேட் என்னும் மென்பொருளின் சமூகப் பதிப்பினின்று கிளைத்து வளர்ந்தது இது. குனூ பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பின்கீழ் வெளியிடப்படுவதால், எவரும் இதனைப் பயன்படுத்தலாம், பிறருக்கு நகலெடுத்துக் கொடுக்கலாம், உள்ளமைப்பை ஆராய்ந்து திருத்தவும் செய்யலாம். பழைய கணிப்பொறியிலும் இது தடையின்றி இயங்கும். கட்டடத்தை முப்பரிமாணத்தில் காண விரும்புவோருக்கு ஃப்ரீகேட் உளது. 2002இல் முதன்முதல் வெளிவந்த அம்மென்பொருளின் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வெளியாயிற்று. அதற்குச் சற்று வலிமையான கணிப்பொறி வேண்டும். ஆகவே லிப்ரேகேட்டிலிருந்து தொடங்குதல் நலம்.

நிறுவும் முறை

மென்பொருளை அதன் சொந்த இணையதளத்தின் வாயிலாகவே பதிவிறக்கம் செய்தல் வேண்டும். உபுண்டு போன்ற லினக்ஸ் கணிப்பொறியாயின், அதிலுள்ள மென்பொருள் நிலையத்தில் பெயரைத் தேடி நிறுவிக்கொள்ளலாம். விண்டோஸ் கணிப்பொறியில், வெளியிட்டவர் யாரெனத் தெரியவில்லை என்று ஓர் எச்சரிக்கை தோன்றக்கூடும். கோப்பு எங்கிருந்து வந்தது என்பதை மறுமுறை உறுதி செய்துகொண்ட பின்னரே மேற்செல்லல் வேண்டும். வேறு தளங்களிலிருந்து வந்த கோப்பாயின், தயங்காது அழித்துவிடுக.

முதன்முறை திறக்கும்போது மென்பொருள் அளவலகையும் மொழியையும் கேட்கும். இக்கேள்வியை அலட்சியமாகக் கடந்துவிடலாகாது. கட்டட வேலைக்கு மில்லிமீட்டரைத் தேர்ந்துகொள்க. 18 மீட்டர் நீளமுள்ள கூடத்தை 18000 என்றே எழுதுதல் வேண்டும்.

நேரும் இடையூறுகள்

தறியில் இழை அறுந்தால், எந்த இழை என்று கண்டறிந்து முடிபோடுகிறோமேயன்றிப் பாவு முழுவதையும் அறுத்தெறிவதில்லை. இங்கும் அவ்வாறே ஒவ்வொரு காரணமாக ஆராய்தல் வேண்டும்.

மென்பொருள் திறவாமல், 'விசிரன்டைம்' எனத் தொடங்கும் கோப்பு காணப்படவில்லை என்று செய்தி வந்தால், விண்டோஸுக்குரிய துணைத்தொகுப்பு ஒன்று குறைகிறதென்று பொருள். விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்னும் அத்தொகுப்பை மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகப் பெற்று நிறுவினால் குறை தீரும். அந்த ஒரு கோப்பை மட்டும் எங்கேனும் தேடி எடுத்துச் சேர்ப்பது ஆபத்தானது.

கோப்பு திறந்தும் திரை வெறுமையாக இருந்தால், படம் அழிந்துவிட்டதென அஞ்ச வேண்டுவதில்லை. வரைபடம் பார்வைக்கு வெளியே இருக்கலாம். முழுப்படத்தையும் திரைக்குள் கொணரும் 'ஆட்டோ ஜூம்' பொத்தானை அழுத்துக. அப்போதும் சுவர்கள் தெரியாவிடில் அடுக்குகளின் பட்டியலை நோக்குக. சுவர் உள்ள அடுக்கின் கண் குறி அணைந்திருக்கக்கூடும். அப்பட்டியலே காணாமற் போயிருந்தால் 'விட்ஜெட்ஸ்' என்னும் பகுதியில் அதனை மீண்டும் வரவழைக்கலாம்.

பொறியாளர் அனுப்பிய கோப்பு திறவாமலோ குறையாகவோ வந்தால், அது பெரும்பாலும் டிடபிள்யூஜி வகையாக இருக்கும். அவ்வகைக் கோப்புகளை லிப்ரேகேட் ஓரளவே படிக்கும். அவ்வகையில் சேமிக்க அதனால் இயலாது. 1982இல் ஆட்டோகேட் மென்பொருளுடன் தோன்றிய டிஎக்ஸ்எஃப் வகையில் ஒரு பிரதி தருமாறு கேட்டுப் பெறுதலே வழி. பல மென்பொருள்களும் அவ்வகையைப் படிக்கும். வேலை ஒப்படைக்கும்போதே இந்நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதிவிடுவது மிக நன்று.

அச்சிடும்போது

பணநஷ்டத்துக்கு இடமளிப்பது இக்கட்டமே. 18 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உள்ள கூடம், 1:100 அளவுத்திட்டத்தில் 180 மில்லிமீட்டர் நீளமும் 80 மில்லிமீட்டர் அகலமுமாக ஏ4 தாளில் அமையும். அச்சிட்ட தாளில் ஒரு புள்ளி மட்டுமே காணப்பட்டால், 18000 என்பதற்குப் பதில் 18 என்று எழுதப்பட்டிருக்கும்.

புள்ளியாவது உடனே கண்ணிற் படும். சிறிதளவு சுருங்கிய படம் கண்ணுக்குத் தப்பிவிடும். தாளுக்குப் பொருந்துமாறு அச்சிடும் ஏற்பாடு இயங்குமாயின், படம் சுருங்கிவிடும். நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கினும், அத்தாளை அளவுகோலால் அளப்பவருக்கு 18 மீட்டர் கூடம் 17.46 மீட்டராகத் தோன்றும். அரை மீட்டருக்கு மேற்பட்ட அக்குறைவு, இரு தறிகளுக்கிடையே நெசவாளர் நடந்து செல்லும் வழியையே விழுங்கிவிடலாம். ஆகவே உண்மை அளவில் அச்சிடும் ஏற்பாட்டையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். மேலும், ஒவ்வொரு வரைபடத்தின் ஓரத்திலும் 10 மீட்டரைக் குறிக்கும் ஒரு கோடு வரைந்துவைக்க. 1:100இல் அச்சிட்டபின் அளவுகோலை வைத்தால் அது சரியாக 100 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். இல்லையேல் அத்தாளைக் கொத்தனாரிடம் கொடுக்கலாகாது.

அங்கத்தினர் செய்யத்தக்கது

ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியிட்ட தனிக் கோப்பாகச் சேமித்து, வேறொரு சாதனத்திலும் பிரதி வைத்தல் அவசியம். நிர்வாகக் குழு ஏற்றுக்கொண்ட பிரதி எது என்பதைத் தீர்மானப் புத்தகத்திலும் பதிவு செய்க. காரியதரிசியுடன் இளைஞர் இருவரேனும் இப்பயிற்சி பெற்றிருத்தல் நலம். பொதுப் பணத்தில் எழும் கட்டடத்தின் அளவுகளை, சுவர் எழுவதற்கு முன்னரே எந்த அங்கத்தினரும் வந்து பார்த்துக் கேள்வி கேட்கக் கூடியதாயிருத்தல் வேண்டும். கூட்டுறவின் பொருள் அதுவே.