சேற்றில் இறங்குமா ஆறு சக்கர ஆடம்பரம்?

கொச்சி: மட்டாஞ்சேரிக்குத் தெற்கே உப்பங்கழிகளால் சூழப்பட்ட கும்பளங்கி, நாட்டின் முதல் மாதிரிச் சுற்றுலா கிராமம் என்ற பெயரைப் பெற்ற ஊர். சீன வலைகள், பொக்காளி நெல் வயல்கள், இறால் பண்ணைகள் ஆகியவற்றால் அறியப்பட்டிருந்த இவ்வூரை, 2019-ல் வெளியான "கும்பளங்கி நைட்ஸ்' திரைப்படம் கேரளத்துக்கு வெளியேயும் பிரபலமாக்கியது. தண்ணீரும் சேறும் இங்கு அன்றாட வாழ்க்கை. கரடுமுரடான நிலத்துக்கென்றே தயாரிக்கப்படும் விலை உயர்ந்த வாகனங்கள் மீது கேரளத்தில் பெருகிவரும் மோகத்தை எடைபோட இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

அந்த மோகத்தின் உச்சியில் இருப்பவை ஆறு சக்கர வாகனங்கள். நம் ஊர்களில் ஆறு சக்கர லாரி என்று அழைக்கப்படுவது வேறு. அதற்கு இரண்டு அச்சுகளே உண்டு. பின்புறம் இரட்டை டயர்கள் பொருத்தப்பட்டிருக்கும். இங்கு பேசப்படுவது மூன்று அச்சுகளும், ஆறு சக்கரங்களுக்கும் என்ஜினின் இழுவிசையும் கிடைக்கும் வாகனங்களாகும். ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 2013 முதல் 2015 வரை தயாரித்த "ஜி 63 ஏஎம்ஜி 6x6' இவற்றில் மிகவும் பிரபலமானது. ஆஸ்திரேலிய ராணுவத்துக்காக உருவாக்கப்பட்ட மூன்று அச்சு வாகனமே இதற்கு அடிப்படை. 5.5 லிட்டர் என்ஜின், 544 குதிரைத்திறன், 37 அங்குல டயர்கள், தரையிலிருந்து 46 சென்டிமீட்டர் இடைவெளி, ஐந்து டிஃபரன்ஷியல் பூட்டுகள் என்று அதன் சிறப்புகள் நீளும். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் செல்லும் என்பது நிறுவனத்தின் உறுதிமொழி. ஜெர்மனியில் வரியுடன் சேர்த்து அதன் விலை சுமார் 4.5 லட்சம் யூரோ. நூற்றுக்குச் சற்று அதிகமாகவே தயாரிக்கப்பட்டன. 2015-ல் வந்த "ஜுராசிக் வேர்ல்ட்' படத்தில் தோன்றிய பிறகு, உலகெங்கும் சிறுவர்களும் அதை அடையாளம் கண்டுகொண்டனர்.

போர்க்களத்தில் பிறந்தது: மூன்றாவது அச்சு ஆடம்பரத்துக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் ஜிஎம்சி நிறுவனம் ஆறு சக்கர ராணுவ லாரிகளை ஐந்து லட்சத்துக்கும் அதிகமாகத் தயாரித்தது. அதே லாரியின் அடிச்சட்டத்தைப் படகு வடிவ உடலுக்குள் பொருத்தி, நிலத்திலும் நீரிலும் செல்லும் "டக்' என்ற வாகனம் 1942-ல் உருவாக்கப்பட்டது. ஓட்டுநர் தன் இருக்கையில் இருந்தபடியே டயரின் காற்றழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்த முதல் வாகனம் அதுவே. கடற்கரை மணலில் காற்றைக் குறைத்து, சாலை ஏறியதும் கூட்டிக்கொள்வார்கள். எழுபது ஆண்டுகளுக்குப் பின் மெர்சிடிஸ் வாகனத்தில் பெரும் புதுமையாக விளம்பரப்படுத்தப்பட்ட வசதியும் இதுதான்.

இந்திய ராணுவத்திலும் இவ்வகை லாரிகளுக்குத் தேவை குறையவில்லை. 1,239 ஆறு சக்கர இழுவை லாரிகளுக்கு ரூ.900 கோடிக்கும் அதிக மதிப்பிலான ஆர்டரை 2015-ல் டாடா மோட்டார்ஸ் பெற்றது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அசோக் லேலண்டின் "சூப்பர் ஸ்டாலியன்' வரிசை லாரிகளும் பீரங்கிகளை இழுக்கப் பயன்படுகின்றன. பல டன் சுமையைச் சாலையில்லாத இடத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்னும்போது மூன்றாவது அச்சுக்கு நியாயம் உண்டு. ஐந்து பேர் அமரும் சொகுசு வாகனத்துக்கு அந்த நியாயம் இல்லை. அங்கு அது பெரும்பாலும் தோற்றத்துக்காகவே.

சேற்றின் கணக்கு: வாகனம் சேற்றில் புதைவதை முடிவு செய்வது குதிரைத்திறன் அல்ல; தரையின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் அது செலுத்தும் அழுத்தமே. ஒரு டயர் தரையில் செலுத்தும் அழுத்தம், ஏறத்தாழ அதனுள் இருக்கும் காற்றின் அழுத்தத்துக்குச் சமம். மெர்சிடிஸ் வாகனத்தில் மிகக் குறைந்த காற்றழுத்தம் 0.5 பார், அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் அரை கிலோ. 70 கிலோ எடையுள்ள மனிதர் இரு கால்களையும் ஊன்றி நிற்கும்போது செலுத்துவது கால் கிலோவுக்கும் குறைவு. அந்த மனிதரே முழங்கால் வரை புதையும் வயலில், 3.8 டன் எடையுள்ள வாகனத்தின் கதி என்னவாகும் என்பதை ஊகிக்க அதிக சிரமம் வேண்டாம். ஆறு சக்கரங்கள் எடையைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பது உண்மை. ஆனால் கூடுதல் அச்சும் சட்டமும் சேர்ந்து எடையையும் கூட்டிவிடுகின்றன. பாலைவன மணலில் பயன் தரும் இந்த ஏற்பாடு, அடியில் உறுதியான தரையே இல்லாத உப்பங்கழிச் சேற்றில் எடுபடாது.

அகலமும் ஒரு சிக்கல். மேற்படி வாகனத்தின் அகலம் 2.11 மீட்டர், நீளம் 5.87 மீட்டர். பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் சாலையின் அகலம் 3.75 மீட்டர் என்றும், போக்குவரத்து குறைவான இடங்களில் 3 மீட்டர் என்றும் வகுக்கப்பட்டுள்ளது. தீவு கிராமங்களின் உட்புறப் பாதைகள் பல அந்த அளவையும் எட்டுவதில்லை. எதிரே ஓர் ஆட்டோ வந்தால் இரண்டில் ஒன்று பின்வாங்கியே ஆக வேண்டும். பின்வாங்குவது ஆட்டோவாகத்தான் இருக்கும்.

வெள்ளம் காட்டிய வழி: "ஆபத்துக் காலத்தில் உதவும்' என்பதே இத்தகைய வாகனங்களை வாங்குவோர் சொல்லும் முக்கியக் காரணம். 2018 ஆகஸ்டில் கேரளத்தைச் சூழ்ந்த பெருவெள்ளம் அதற்கு ஒரு சோதனையாக அமைந்தது. நெடும்பாசேரி விமான நிலையம் ஆகஸ்ட் 15 முதல் இரு வாரங்கள் மூடப்பட்டது. ஆலுவா, பரவூர் பகுதிகளில் பல கிராமங்கள் துண்டிக்கப்பட்டன. ஆர்வலர்களின் உயரமான ஜீப்புகள் நிவாரணப் பொருள்களைச் சுமந்தது மெய்யே. எனினும், இடுப்பளவு நீர் ஓடிய நெடுஞ்சாலைகளில் மக்களை ஏற்றிச் சென்றவை ராணுவ லாரிகளும், மண்ணும் ஜல்லியும் அள்ளும் "டோரஸ்' டிப்பர் லாரிகளும்தான். அதற்கும் மேல் நீர் ஏறிய இடங்களில் கைகொடுத்தவர்கள் மீனவர்கள். 669 படகுகளில் சென்ற 4,537 மீனவர்கள் குறைந்தது 65 ஆயிரம் பேரை மீட்டதாக மாநில அரசு கணக்கிட்டது. அந்தப் படகுகள் கடற்கரையிலிருந்து வெள்ளப் பகுதிகளுக்கு வந்து சேர்ந்தது சாதாரண லாரிகளின் முதுகில்.

சட்டத்தின் சுவர்: மெர்சிடிஸ் ஆறு சக்கர வாகனம் இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வரவில்லை. அதன் ஸ்டியரிங் இடப்புறம் உள்ளது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 120-வது பிரிவு அத்தகைய வாகனங்களைப் பொது இடங்களில் ஓட்டக் கட்டுப்பாடு விதிக்கிறது. எனவே, உள்ளூர்ப் பட்டறையில் அச்சைக் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைப்போர் உண்டு. அந்த வழியும் அடைபட்டுள்ளது. உற்பத்தியாளர் நிர்ணயித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 52-வது பிரிவு. கேரள மோட்டார் வாகன விதிகளைக் காட்டி மாற்றங்களுக்கு அனுமதி கோரப்பட்ட வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாக உறுதி செய்தது. அதே ஆண்டில் கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5 ஆயிரம் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மாற்று எரிபொருளுக்காக என்ஜினை மாற்றவும், மாற்றுத் திறனாளிகளுக்கேற்ப வாகனத்தை அமைக்கவும் உரிய விதிகளின்படி இடம் உண்டு. அச்சைக் கூட்டுவதற்கு அத்தகைய சலுகை இல்லை; பிரேக், ஸ்டியரிங் இரண்டும் அதனால் பாதிக்கப்படும் என்பதால் இந்தக் கண்டிப்பைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனாலும் ஆசை அடங்கியபாடில்லை. வாகமன் தேயிலைத் தோட்டத்தில் 2022 மே மாதம் அனுமதியின்றி நடந்த சாகச ஓட்டம் தொடர்பாக, மலையாள நடிகர் ஒருவர் உள்பட சிலர் மீது போலீஸார் வழக்குப் பதிவு செய்தனர். 2025 செப்டம்பரில் "நும்கூர்' என்ற பெயரில் கேரளம் முழுவதும் சோதனை நடத்திய கொச்சி சுங்கத் துறையினர், முப்பதுக்கும் மேற்பட்ட வாகனங்களைப் பறிமுதல் செய்தனர். பூடானின் ஜோங்கா மொழியில் நும்கூர் என்றால் வாகனம். அந்நாட்டிலிருந்து லேண்ட் குரூசர், டிஃபெண்டர் போன்ற வாகனங்கள் வரி ஏய்த்துக் கொண்டுவரப்பட்டு, போலி ஆவணங்களின் மூலம் பிற மாநிலங்களில் பதிவு செய்யப்பட்டன என்பது சுங்கத் துறையின் குற்றச்சாட்டு.

இத்தனை பொறியியலும் பணமும் எட்டிப் பார்க்காத சேறு கும்பளங்கியில் இருக்கிறது. பருவமழையில் உப்பு கழுவப்பட்ட வயலில் பொக்காளி விதைத்து, அறுவடைக்குப் பின் அதே வயலில் கடல்நீரைப் பாய்ச்சி இறால் வளர்ப்பது இப்பகுதியின் பழைய முறை. கதிர்களை மட்டும் அறுத்துக்கொண்டு தாளை நீரிலேயே விட்டுவிடுவர். அது அழுகி இறாலுக்கு உணவாகும். ஆண்டுக்கு ஒரு நெல், ஒரு மீன் என்பது அரசின் கொள்கை. ஆனால் டிராக்டரும் சாதாரண அறுவடை இயந்திரமும் இவ்வயல்களில் இறங்க முடிவதில்லை. இடுப்பளவு நீரில் நின்று அரிவாளால் அறுக்க ஆள் கிடைப்பதில்லை. பெரும்பாலும் பெண்களே இன்னும் அந்த வேலையைச் செய்கின்றனர். நெல்லைக் கைவிட்டு ஆண்டு முழுவதும் இறால் வளர்ப்போரின் எண்ணிக்கை கூடிவருவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இதற்கு மாற்றாகக் கேரள வேளாண் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் பொக்காளி வயலுக்கென நீரிலும் இயங்கும் அறுவடை இயந்திரம் ஒன்றை வடிவமைத்துச் சோதித்தனர். சக்கரங்களை நம்பாமல், மிதக்கும் வகையில் அது அமைக்கப்பட்டிருந்தது. அத்தகைய இயந்திரம் இன்னும் விவசாயிகளிடையே பரவலாகவில்லை. அறுத்த கதிர்க்கட்டுகள் இப்போதும் சிறு வள்ளங்களில் ஏற்றப்பட்டே கரை சேர்கின்றன.